படுத்துக்கொண்ட கார்

மூத்தவனின் கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய பகலில், ஷெட்டுக்குள் வந்து நின்ற கார் முன்சக்கரங்கள் இரண்டையும் மடக்கி, பிறகு பின்சக்கரங்களையும் மடக்கி, வயிறு தரையில் படிய, எருமை படுப்பதுபோலப் படுத்தது. வண்டி படுத்துவிட்டது என்று நாலு பேர் சொன்னால் பேட்டரி போய்விட்டது, கார்பரேட்டர் அடைத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம். இது அப்படியில்லை. இது மெய்யாகவே படுத்தது. படுக்கச் சொன்னவர் வீட்டுத் தகப்பனார். வழியெல்லாம் வெயில், உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும் போக அளவுக்கு மீறிய ஆட்கள், கூரைமேல் மெத்தையும் கட்டிலும். எல்லாரும் இறங்கிப்போன பிறகு அவர் கொதிக்கிற பானட்டைத் தன் தோள் துண்டால் துடைத்துவிட்டு, "ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க, கொஞ்சம் படுங்க" என்றார். பெண்டாட்டி உயிரோடிருந்த காலத்தில் அவளிடம்கூட அவர் அவ்வளவு அக்கறையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கார் சொன்ன பேச்சைக் கேட்டது.

காரைப் போய் நீங்க, வாங்க என்று பேசுவானேன் என்றால், அது கல்குவாரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம். தகப்பனார் அங்கே கணக்குப்பிள்ளை. முதலாளியின் கார் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு மண்பாதையில் ஏறும்போது, கல் உடைப்பவர்கள் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு "வர்றாங்க" என்பார்கள். அத்தனை தூரத்திலிருந்து உள்ளே இருக்கிற ஆள் தெரியமாட்டார், கார்தான் தெரியும். ஆகவே முதலாளிக்குப் போய்ச் சேரவேண்டிய மரியாதை பாதி வழியிலேயே காரோடு நின்றுபோனது. டிரைவர் மட்டும் வெறும் வண்டியை ஓட்டிவந்தாலும் எழுந்து நின்றார்கள். ஒருமுறை டயர் பஞ்சராகி முதலாளி நடந்தே வந்து சேர்ந்தார்; ஒருவரும் எழவில்லை, தண்ணீர் சுமக்கிறவள் "யாருய்யா நீ, வெடி வைக்கிற எடத்துல, ஓரமா போ" என்று விரட்டினாள். பிறகு குழிக்குள் ஊற்று உடைத்துக்கொண்டு குவாரி நிரம்பியது, முதலாளி வேறு தொழில் பார்த்துப் போனார். கல் உடைத்தவர்களுக்கு நெஞ்சில் தூசி மிஞ்சியது. கணக்குப்பிள்ளைக்குக் கார் மிஞ்சியது.

காரோடு மரியாதையும் வீட்டுக்குள் வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியாது. வாரத்தில் ஒருநாள் பழைய டிரைவர் வந்து கடைத்தெருவரைக்கும் ஓட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார். அந்த ஒரு சுற்றுக்காகத் தகப்பனார் மிச்ச நாளெல்லாம் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்திருந்தார். தெருவில் அந்த வீட்டுக்குக் கார் வீடு என்று பெயர் விழுந்தது. சுவர் ஊறியிருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஆனாலும் கார் வீடு. இரண்டு பையன்களும் பள்ளிக்கூடத்தில் கார் வீட்டுப் பிள்ளைகள் என்ற ஒரே தகுதியில் முன்பெஞ்சில் உட்கார்ந்து, அதே தகுதியில் பரீட்சையில் தோற்றார்கள். நடுவில் பிறந்த பெண்ணுக்கு மட்டும் காரில் ஏறினால் வாந்தி வரும். அவளை எப்போதும் விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் அந்தக் காரை மரியாதை இல்லாமல் பார்க்க ஒரு ஆளுக்கு வாய்ப்புக் கிடைத்தது இப்படித்தான்.

படுத்த கார் எழவில்லை. முதலில் அசதி என்றார்கள். மழைக்காலம் ஒன்று போனது, அசதி தீரவில்லை. அதற்கப்புறம் ஓய்வு என்று சொல்ல ஆரம்பித்தார்கள், ஓய்வு என்று சொல்லிவிட்டால் அதற்குக் கெடு கிடையாது. மதிய நேரத்தில் கார் குறட்டை விட்டது. காலையில் ஹெட்லைட்டுகளின் ஓரத்தில் பீளை கட்டியிருக்கும். மூத்தவன் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவான். உழைப்பில்லாத உடம்பானதால் கார் வருடத்துக்கு வருடம் பெருத்தது. கதவுகள் இரண்டு பக்கமும் உப்பி, ஷெட்டுச் சுவரைத் தொட இன்னும் ஒரு ஆள் புகும் சந்துதான் பாக்கி என்றானது. தகப்பனார் செத்த அன்று அது ஒரேயொரு தரம் ஹாரன் அடித்துவிட்டு மறுபக்கம் ஒருக்களித்துப் படுத்தது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் மகன்கள் இருவரும் அந்த ஹாரனைப் பற்றியே பேசினார்கள். தகப்பனாருக்கு என்ன நோய் என்று கேட்டவர்களுக்குச் சரியாகப் பதில் சொன்னவள் மகள்தான்.

அவள் அப்போது புருஷன் வீட்டிலிருந்து தையல் மெஷினோடு திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புருஷனை விட்டுவிட்டு வந்தாள், மெஷினை விடவில்லை, அது அவள் சம்பாதித்து வாங்கியது. அவளுடையது குஷன் வேலை. லாரி சீட்டு, முடிவெட்டும் கடை நாற்காலி, பல் டாக்டர் வீட்டுச் சாய்நாற்காலி, எது கிழிந்தாலும் அவளிடம் வரும். பழைய ரெக்சினைப் பிய்த்து, செத்துப்போன ஃபோமை எடுத்துக் கடாசி, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, நார் வைத்து, புது ஃபோம் வெட்டி ஒட்டி, மேலே புது ரெக்சினை இழுத்து ஆணி அடிப்பாள். வளைந்த ஊசி குத்திக் குத்தி அவள் வலது கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்து அப்படியே வளர்ந்தது. தெருவில் அவளைக் குஷன்காரி என்பார்கள். கார் வீட்டில் அடுப்பு எரிந்தது குஷன்காரியால்தான். இது அண்ணனுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்துவிடவில்லை.

வேலை பார்க்க அவளுக்கு இடம் இல்லை. வீட்டுக்கு முன்னால் சாக்கடை ஓரமாக ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே மெஷினைப் போட்டிருந்தாள். வெயிலில் பசை வாளியிலேயே கெட்டியாகும். மழையில் ஃபோம் நனையும். ஒருதரம் நனைந்த ஃபோமை எத்தனை காயவைத்தாலும் ஈர நாய் வாசனை போகாது. அவளுக்குப் பின்னால் பத்தடியில் ஓடு வேய்ந்த, சிமெண்டுத் தரை போட்ட, ஒழுகாத ஷெட் இருந்தது. அதில் ஒரு கார் படுத்திருந்தது. மூத்தவன் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டை போட்டுப் பேப்பர் படிப்பான். தம்பி பானட்டில் சாய்ந்துகொண்டு தான் முடித்துக்கொடுக்கப்போகிற பெரிய பெரிய வியாபாரங்களைப் பற்றி வந்தவர் போனவரிடம் சொல்வான். காருக்கு ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினார்கள். அவள் துணி சோப்பு போட்டுக் குளித்தாள். ஷெட்டுக்குள் செருப்போடு வரக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது, காரை அது இது என்று சொல்லக்கூடாது என்பது மூத்தவனின் சட்டம். அவளுக்கு அந்த ஷெட்டில் வேலை ஏதும் இல்லாததால் சட்டத்தை மீறவும் வாய்ப்பில்லை.

அந்த வருடம் ஒரு பஸ் கம்பெனி தன் வண்டிகளின் சீட்டுகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தது. மேனேஜர் அவள் தைத்த ஒரு சீட்டைக் கையால் அழுத்தினார், மேலே ஏறிக் குதித்தார், தையலை நகத்தால் பிரித்துப் பார்க்க முயன்று தோற்றார். வேலை நிரந்தரமாக அவளுக்கே என்றார். ஆனால் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனையும் சொன்னார்: மழை தொடங்குவதற்குள் தலைக்கு மேல் கூரை இருக்கவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஈரச் சீட்டில் உட்கார்ந்து எழுந்த பயணி எந்தத் துணியோடு வீட்டுக்குப் போவான் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட் வாசலில் நின்று அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பேப்பரை மடித்தான். அவனுக்குப் பேப்பரை மடிப்பது ஒரு காரியம்.

"அவங்க எழுந்து வெளிய போனா ஷெட்டு உனக்குத்தான். நான் வேண்டாங்கலையே. படுத்திருக்கிறவங்கள எப்படிம்மா எழுப்புறது?"

"ஓடவச்சா?"

"ஓடவச்சுக்கோ."

அவன் தயங்காமல் சொன்னதற்குக் காரணம், அது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். நடக்கவும் கூடாது. ஓடுகிற கார் என்றால் ஓட்டவேண்டும், ஓட்டத் தெரியாது என்பது வெளியே தெரிந்துபோகும். படுத்த கார் ஒரு சொத்து. அதைக் காட்டிக்கொண்டு ஒரு மனிதன் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

அவள் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். வண்டி படுத்துடுச்சாக்கா என்று அவன் கேட்டான். ஆமாம், நல்லா படுத்துடுச்சு என்றாள். வந்து பார்த்தவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு வந்ததற்கு வேலை பார்த்துவிடுவோம் என்று பானட்டைத் திறந்தான். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஒயர்களில் பாதி அதன் வயிற்றுக்குப் போயிருந்தன. டாங்கில் கிடந்த பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி இறுகி, அதே நிறத்தில் இருந்தது. டாங்கைக் கழற்ற அவன் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது கார் ஒரு காலை நீட்டிக் கொடுத்து, வேலை முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொண்டது. கார்பரேட்டரைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான், பிளக்குகளைத் தேய்த்தான், புது பேட்டரி வைத்தான், ஃபேன் பெல்ட்டை அவள் தன் ரெக்சின் வாங்கும் கடையிலேயே சொல்லி வரவழைத்தாள். ஷெட்டுக்குள் மூத்தவனின் சட்டம் இருந்ததால் மெக்கானிக்கும் போகப்போகச் செருப்பைக் கழற்றினான், குரலைத் தாழ்த்தினான், கொஞ்சம் கையைக் குடுங்க, கொஞ்சம் வாயைத் திறங்க என்று காரிடம் பேசத் தொடங்கினான். அவள் அதைக் கவனித்தாள். அப்போது அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, இவனும் கெட்டான் என்பதைத் தவிர.

ஒரு பகலில் இன்ஜின் ஓடிற்று. முதலில் கறுப்பாய்ப் புகை, எலிக்கூட்டின் மிச்சம் சைலன்சர் வழியாகப் பறந்தது, பிறகு சீரான ஓட்டம். தெரு முழுக்க வந்து நின்றது. கார் படுத்தபடியே ஓடியது. அதாவது இன்ஜின் ஓடியது, வைப்பர் ஆடியது, ஹெட்லைட் எரிந்தது, சக்கரங்கள் மட்டும் வயிற்றுக்கு அடியில் மடங்கியவாறே சுகமாகக் கிடந்தன. மெக்கானிக் கியரைப் போட்டான். கார் கொட்டாவி விட்டது. எழுந்திருங்கய்யா, கொஞ்சம் மனசு வைங்கய்யா என்று கெஞ்சினான். மூத்தவன் கைகட்டி நின்றான், தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மெக்கானிக் கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "என் வேலை முடிஞ்சுதுக்கா. ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ எல்லாம் இருக்கு, ஓடணுங்கிற எண்ணம்தான் இல்ல" என்றான். அவள் அண்ணனையும் தம்பியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த வியாதி இந்த வீட்டில் எல்லாருக்கும் இருக்கிறது என்றாள்.

இன்ஜின் ஓடிய செய்தி பரவி, பழைய கார்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிற ஒரு தொப்பிக்காரர் வந்தார். அவர் ஷெட்டுக்கு வெளியிலேயே தொப்பியைக் கழற்றினார். மூத்தவனுக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பெயிண்டைப் பார்த்தார், சீட்டை முகர்ந்தார், ஒரு திருகாணியின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். இந்த வகையில் படுத்த நிலையில் உலகத்தில் வேறு எதுவும் இல்லை, எழுப்பினால் மதிப்பு போய்விடும், யாரும் எழுப்பக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். ஷெட் வாசலில் ஒரு கயிறு கட்டினால் நல்லது என்றும் சொன்னார். குஷன்காரி சாக்கடை ஓரத்தில் ஒரு பஸ் சீட்டை முழங்காலால் அழுத்தி ரெக்சினை இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்போது, இந்தத் தார்ப்பாய் படம் எடுக்கும்போது கண்ணை உறுத்துகிறது, கொஞ்சம் தள்ளிக் கட்டமுடியுமா என்று கேட்டார். அவள் வாயில் ஆணிகள் இருந்ததால் பதில் சொல்லவில்லை. ஆணிகளுக்காக அவர் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.

கயிறு கட்டினார்கள். மறுநாள் மழை வந்தது.

முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருகிற மழை இல்லை அது. பஸ் கம்பெனியின் முதல் லோடு சீட்டுகள் தைத்து முடித்துத் தார்ப்பாயின் கீழ் அடுக்கியிருந்தன, சாயங்காலம் வேன் வந்து எடுத்துப்போகவேண்டும். மேற்கே கறுத்தது, காற்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடுங்கியது, அவள் மெஷின்மேல் பாலிதீனைப் போட்டுவிட்டு இரண்டு சீட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினாள். கயிறு காலில் தடுக்கியது. அறுத்துக்கொண்டு உள்ளே போனாள், செருப்போடு. கார் அசையாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சுவருக்கும் அதற்கும் நடுவே சீட்டைச் சாய்த்து நுழைக்கப் பார்த்தாள், உப்பிய கதவு விடவில்லை. பானட்மேல் வைக்கப் போனபோது மூத்தவன் நாற்காலியிலிருந்து எழுந்து, அவங்க மேல ஈரத்தை வைக்காதே என்று இரண்டு கையையும் விரித்தான். வெளியே மிச்சச் சீட்டுகளின்மேல் முதல் துளிகள் விழுகிற சத்தம் ரெக்சினில் பட்டுப்பட்டென்று கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவளுக்கு நிதானம் போயிற்று. லோடு ஏற்றும் இடத்தில் வழியை மறித்துப் படுத்திருக்கிற ஒரு ஆளிடம் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள். காரின் முன்பக்கத்தைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டுச் சொன்னாள்:

"ஏய், எந்திரி. தின்னது செரிக்க வேண்டாம்? எந்திரிச்சு வெளிய போ."

கார் குறட்டையை நிறுத்தியது. ஹெட்லைட்டுகளைத் திறந்து அவளைப் பார்த்தது. அந்தக் கார் செய்யப்பட்ட நாளிலிருந்து அதனிடம் ஒருவரும் நீ என்று பேசியதில்லை. படுங்க, எழுங்க, வாங்க என்று கேட்டுக் கேட்டு, அது தன்னிடம் வேலை சொல்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டிருந்தது. மாடு எழுவதுபோல முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது, பிறகு முன்னங்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றியது. மூட்டுகள் நெட்டி முறிந்தன. வயிற்றில் ஒட்டியிருந்த சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. இன்ஜினை அதுவே போட்டுக்கொண்டது. மூத்தவன் ஒரு கணம் வாய் பிளந்து நின்றான்; அடுத்த கணம் பின்கதவைத் திறந்துகொண்டு ஏறி நடுவில் உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்தான். தம்பி முன்பக்கம் ஏறினான். டிரைவர் இருக்கை காலியாக இருந்தது, அது இருவர் கண்ணிலும் படவில்லை. போ என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே கார் போயிற்று. அவள் சீட்டுகளை உள்ளே கடத்தி முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டு நினைவு வந்து வெளியே பார்த்தபோது அது தெருமுனையைத் திரும்பியிருந்தது. சீட்டுகளில் இரண்டின் விளிம்பு மட்டும் நனைந்திருந்தது. துடைத்தால் போகிற ஈரம்.

போகச் சொன்னவள் நிற்கச் சொல்லவில்லை. அதனால் கார் நிற்கவில்லை. கடைத்தெருவைச் சுற்றி, பஸ் நிலையத்தைச் சுற்றி, பழைய குவாரிப் பாதைவரை போய்த் திரும்பி, வீட்டு வாசலைக் கடந்து மறுபடியும் கடைத்தெருவுக்குப் போயிற்று. ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் சுற்றில் அண்ணனும் தம்பியும் கண்ணாடிகளை இறக்கிவிட்டு இரண்டு பக்கமும் கையசைத்தார்கள். இருட்டும் நேரத்தில் அண்ணன், போதும் நில்லுங்க என்றான். தயவுசெஞ்சு நில்லுங்க என்று தம்பியும் சொன்னான். கார் அதை வேறு யாருக்கோ சொல்வதாக எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் மூத்தவன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நில்லு என்று சொல்லிப் பார்த்தான். நில் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு தானாக வளைந்து லுங்க என்றுதான் முடிந்தது. வெளியே குதிக்கலாமே என்று கடைத்தெருவில் கேட்டார்கள். ஓடுகிற காரிலிருந்து குதித்தால் சட்டை என்னவாகும்?

டாங்கில் மெக்கானிக் ஊற்றிய பெட்ரோல் தீரவில்லை. முள் பாதியிலேயே நின்றது. இத்தனை வருடம் தின்றதெல்லாம் உடம்பில் இருக்கிறது, அதை எரிக்கட்டும் என்றான் மெக்கானிக். ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. அண்ணி வாசலில் டப்பாவோடு நிற்பாள், கார் கடக்கும்போது ஜன்னலில் நீட்டுவாள், அடுத்த சுற்றில் காலி டப்பாவை வாங்கிக்கொள்வாள். முடிவெட்டுகிறவர் வாரம் ஒருமுறை கூடவே நடந்தபடி சவரம் செய்துவிட்டார். பின்சீட்டில் உட்கார்ந்தவாறே மூத்தவன் பேப்பர் படித்தான். தம்பி பானட்டில் சாய்ந்து சொன்ன வியாபாரங்களையே இப்போது ஜன்னல் வழியாகச் சொன்னான், கேட்பவர்கள் கூடவே நடக்கவேண்டியிருந்ததால் கதைகள் சுருக்கமாயின, அது எல்லாருக்கும் நல்லதாயிற்று. தொப்பிக்காரர் வந்து, அசல் நிலை கெட்டுப்போனதை எண்ணி ஷெட் வாசலில் நின்று துக்கம் காத்துவிட்டுப் போனார்.

ஷெட்டுக்குள் மெஷின் வந்தது. பஸ் கம்பெனி மேனேஜர் அண்ணாந்து ஓட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் அடுத்த லோடை இறக்கினார். அந்த மழைக்காலம் முழுக்க அவள் நனையாமல் வேலை செய்தாள். கார் படுத்திருந்த இடத்தில் தரை வெதுவெதுவென்று இருந்தது, அங்கே வைத்தால் பசை சீக்கிரம் பிடித்தது.

அண்ணி ஒருநாள் காலி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தாள். அவளும் வாசலில் நின்று நில்லு சொல்லிப் பார்த்துத் தோற்றவள்தான். கல்யாணப் பெண்ணாக அந்தக் காரில் வந்து இறங்கியவளுக்கு வாய் வரவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னா நிக்கும், சொல்லேன் என்றாள்.

"நிக்கும் அண்ணி. நின்னா எங்க வந்து நிக்கும்?"

அண்ணி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுக்கியிருந்த சீட்டுகளையும், காலி டப்பாவையும், அந்த டப்பாவில் அடுத்த சுற்றுக்குப் போடவேண்டியது எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து யோசித்தாள் போலிருக்கிறது. மழை விட்டதும் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் மதியம் சத்தமில்லாமல் தூங்க முடிவதாகவும் போகிற போக்கில் சொன்னாள்.

மழை விட்டது. குஷன்காரிக்கு அவர்களைப் பற்றி நினைக்க நேரமே இருந்திருக்காது, ஆனால் கார் வாசலைக் கடக்கும்போதெல்லாம் பின்சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்று கத்தியது, தொழில்காரிக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. ஒருநாள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே தெருவுக்கு வந்து, எதிரே வந்த காரிடம் "நில்லு" என்றாள். கார் நின்றது. தெருவில் போனவர்களும் நின்றார்கள். கதவு திறக்கும் என்று எல்லாரும் பார்த்தார்கள். திறக்கவில்லை. அவள்தான் பின்கதவைத் திறந்தாள். அண்ணன் வெள்ளைச் சட்டையில், மடியில் மடித்த பேப்பரோடு, நடுவில் உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் நிறம் கூடியிருந்தது.

"எறங்கு அண்ணே. நின்னுடுச்சு."

அவன் வெளியே பார்த்தான். தம்பியைப் பார்த்தான். தம்பி கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"எறங்கி?" என்றான் அண்ணன்.

அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. செய்வதற்கு எத்தனையோ இருக்கிறது, ஆணி பொறுக்கலாம், ஃபோம் சுமக்கலாம், நார் உதறலாம். சொல்வதற்கு முன்னால் பேப்பர்மேல் இருந்த அவன் கைகளைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு காய்ப்பு இல்லை, பிறந்த குழந்தையின் கையைப் பெரிதாக்கி வைத்ததுபோல இருந்தன. இந்தக் கையில் ஊசியைக் கொடுத்தால் ரெக்சின் வீணாகும். அவன் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் விசேஷம். இறங்கி என்ன செய்வது என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை, தங்கைக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டான்.

"சரி, கொஞ்சம் தூக்கு" என்றாள்.

அவன் உடம்பை ஒரு பக்கமாகத் தூக்கிக் கொடுத்தான். அவள் கிழிந்த ரெக்சினை அறுத்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, நார் வைத்து, ஃபோம் வெட்டிப் போட்டு, பஸ் சீட்டில் மிஞ்சிய பழுப்பு ரெக்சினால் மூடித் தைத்தாள். பிறகு மறுபக்கம் தூக்கச் சொன்னாள். முன்சீட்டுக்காரனுக்கும் அதையே செய்தாள். அக்கா, சாய்மானம் கொஞ்சம் உசத்தி வை, வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு எடுப்பா இருக்கும் என்றான் தம்பி. உசத்தி வைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கதவைச் சாத்தி, கூரையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி "போ" என்றாள். கார் போயிற்று. ஸ்பிரிங் கத்தவில்லை. பசை காய்ந்துகொண்டிருந்ததால் அவளும் உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வருடாவருடம் மழை விட்டதும் கார் ஷெட் வாசலில் ஒருதரம் நிற்கும், அவள் சீட்டுகளை மாற்றிக் கொடுப்பாள். இந்தத் தடவை கறுப்பு ரெக்சின் வேண்டும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லியனுப்பினார்கள். கறுப்பு வெயிலில் சுடும், பழுப்பே போதும் என்று சொல்லிவிட்டாள்.